செங்கழுத்தன்

"அண்ணாச்சி, அது பருத்தியில விழுமா, உளுந்துல விழுமா? அதை மட்டும் சொல்லிருங்க, போனை வச்சிருதேன்."

சௌந்தரபாண்டியன் கடைக்குப் பின்னால் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுங்கியிருந்தது. பேசுவது விளாத்திகுளத்துக் காசிராஜன். ஐம்பது ஏக்கர் மானாவாரிக்காரர். அவர் பேசினால் போன் இல்லாமலே பாதி தூரம் கேட்கும்.

"எது விழுமான்னு கேக்குதீங்க?"

"நல்லாக் கேட்டீய! அரை மணி நேரத்துக்கு முன்னால நீங்க குரூப்புல போட்டீயளே, அந்தப் பச்சைப் பூச்சி. அதைப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கல."

டப்பா மூடி கையிலிருந்து நழுவிச் சாக்கடையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அந்தப் படத்தை அவர் அழித்துவிட்டிருந்தார். தன் கண்ணால் பார்த்து, தன் கட்டைவிரலாலேயே அழித்திருந்தார். பதறிப்போய் வாட்ஸப்பைத் திறந்து பார்த்தால், அவருடைய போனில் படம் இல்லைதான். ஆனால் படத்துக்கு வந்த பதில்கள் வரிசையாக நின்றன. 'அனைவருக்கும் நீக்கு' என்பதைத் தொடுவதற்குப் பதிலாக 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதைத் தொட்டுத் தொலைத்திருக்கிறார். குழுவில் மற்ற இருநூற்றுப் பதினான்கு பேர் போனிலும் அது பத்திரமாக இருக்கிறது. அவர் போனில் மட்டும்தான் இல்லை.

"பொறுங்க, பாத்துச் சொல்லுதேன்" என்று போனை வைத்தார்.

சௌந்தரபாண்டியன் கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டில் இருபத்தெட்டு வருடமாகப் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். சுற்றுப்பட்டியில் யாருக்குப் பயிரில் பூச்சி விழுந்தாலும் அந்த இலையைக் கிள்ளி ஒரு பாலித்தீன் கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். கவர் அவர் மேஜைக்கு வரும். அவர் பார்த்து, இது அசுவினி, இது இலைப்பேன் என்று சொல்லி மருந்தை எடுத்துக் கொடுப்பார். பஸ் ஏற முடியாதவர்கள் படம் எடுத்து 'கரிசல் பயிர்க் காவல்' என்ற வாட்ஸப் குழுவில் போடுவார்கள். அவர் அடி என்றால் அடிப்பார்கள். வேண்டாம் என்றால் முதுகில் கட்டிய மருந்து டேங்கை இறக்கி வைத்துவிடுவார்கள். பூச்சி அண்ணாச்சி என்றுதான் அவருக்குப் பெயர். அனுபவம் முற்றிப்போய், சில சமயம் இலையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆள் சொல்வதைக் காதால் கேட்டே மருந்து சொல்லிவிடுவார். அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

அப்பேர்ப்பட்ட மனிதர் வெளியே சொல்ல முடியாத ஒரு காரியத்தைக் கால் நூற்றாண்டாகச் செய்துவந்தார்.

கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. பெரிய டிவிப் பெட்டி மாதிரி மானிட்டர், மனைவி உமாதேவி தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறை. அதை வாங்கிய புதிதில், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் கோகுலகிருஷ்ணன் ஒரு பிளாப்பியைக் கொண்டுவந்து அதில் ஒரு கேமை ஏற்றிவிட்டுப் போனான். 'கர்னல் ஹாப்' என்று பெயர். அதைக் கேள்விப்பட்டவர்களே உலகத்தில் கிடையாது. பிற்பாடு இணையத்தில் தேடியபோது இரண்டே பேர் அதைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதிலும் ஒருவர் திட்டியிருந்தார்.

கதாநாயகன் ஒரு தத்துக்கிளி. பின்னங்காலில் எழுந்து நிற்கும். கழுத்தில் சிவப்புத் துண்டு, கையில் ஒரு கருவேல முள் மாதிரி வாள். எதிரிகள் யாரென்றால், முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மருந்தடித்துக்கொண்டே வருகிற மனிதர்கள். தத்துக்கிளி தாவ வேண்டும், அந்த ஆட்களின் தலையில் உதைக்க வேண்டும், அடுத்த வயலுக்குப் போக வேண்டும். மொத்தம் ஒன்பது வயல், அதாவது ஒன்பது கட்டம். காலையில் கடை திறந்ததிலிருந்து பூச்சியைக் கொல்ல மருந்து விற்கிற சௌந்தரபாண்டியன், மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை பூச்சியாகவே இருந்தார்.

உமாதேவி அவர் ஸ்டாக் சரிபார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு ஷட்டரைத் தூக்கிய பிறகும் ஒரு கட்டம் பாதியில் நின்றால், ஆள் வந்து நிற்க நிற்க ஆடி முடிப்பதும் உண்டு. மானிட்டரின் முதுகுதான் வெளியே தெரியும். அண்ணாச்சி ஏதோ கணக்கான வேலையில் இருக்கிறார் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள்.

இத்தனை வருடத்தில் எட்டாம் கட்டத்தை அவரால் தாண்ட முடிந்ததில்லை. இன்றைக்குத் தாண்டிவிட்டார். திரை முழுக்கத் தத்துக்கிளியின் முகம் பெரிதாக வந்து நின்று கண் சிமிட்டியது. ஐம்பத்தாறு வயது மனிதர், வியாபாரிகள் சங்கத்துத் துணைத் தலைவர், நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு குதி குதித்தார். போனில் அந்த முகத்தைப் படம் எடுத்தார். பெங்களூரில் இரண்டு பிள்ளைகளோடு குடித்தனம் நடத்தும் கோகுலுக்கு அனுப்பப் போனார். அவன் பெயரைத் தொடப்போன அந்த நொடியில், குழுவில் யாரோ ஒரு புண்ணியவான் ரோஜாப்பூ படத்தைப் போட, குழு மேலே ஏறி கோகுல் கீழே இறங்கிவிட்டான். கட்டைவிரல் குழுவின்மேல் விழுந்தது.

பழைய மானிட்டரைப் போனில் எடுத்த படம், கோடு கோடாக, கலங்கலாக இருந்தது. அதுதான் வினையே. கரிசல் காட்டுக்காரர்கள் வயலில் நின்று எடுத்து அனுப்பும் படம் ஒன்றாவது கலங்காமல் வந்தது கிடையாது. அதனால் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

குழுவில் முதல் பதில் சீனித்தாயுடையது. "இதுக்கு என்ன மருந்து அண்ணாச்சி?"

சீனித்தாய் நாகலாபுரம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மிளகாய் போடுகிறவள். கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் ஒரு கண்ணாடி. எந்த மருந்தை வாங்கினாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாட்டிலில் ஒட்டியிருக்கும் எறும்பு எழுத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பாள். பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். "நீ என்னம்மா பரீட்சையா எழுதப் போற?" என்று சௌந்தரபாண்டியனே ஒருதரம் கேட்டிருக்கிறார். போன வருடம் அவள் மிளகாய் சரியாக வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். மழை காலை வாரியிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அப்போதே 'அது ஒரு கேம், தெரியாமல் போட்டுவிட்டேன்' என்று நான்கு வார்த்தை எழுதியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். எழுதத்தான் செய்தார். எழுதியதை வாசித்துப் பார்த்தார். இருநூற்றுப் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பது காதில் விழுந்தது. காது மடல் சுட்டது. அழித்துவிட்டு வேறு எழுதினார்.

"இது வெளிநாட்டுப் பூச்சி. நம்ம பக்கம் கிடையாது. தகவலுக்காகப் போட்டது. யாரும் பயப்பட வேண்டாம்."

அவ்வளவுதான். பயப்பட வேண்டாம் என்று அண்ணாச்சியே எழுதிவிட்டார் என்றால் பயப்பட ஏதோ இருக்கிறது என்று ஆகிவிட்டது.

"எந்த நாடு?"

"ஆப்பிரிக்கா" என்று எழுதினார். தூரமாக இருக்கட்டும் என்றுதான்.

"படைப்புழுவையும் அப்படித்தான் ஆப்பிரிக்காவுல இருக்குன்னாவ. மறுவருசம் எம் மக்காச்சோளத்துல வந்து உக்காந்துச்சு" என்று காசிராஜன் குரல்பதிவு போட்டார். "அண்ணாச்சி, படத்துக்கு மேல ஓரத்துல ஏதோ நம்பரும் எழுத்தும் இருக்கே, அது என்னது?"

"ஆய்வக நம்பர்."

ஒரு பொய்யோடு கடையைத் திறந்தவர், சாத்தும்போது நான்கு பொய்க்குச் சொந்தக்காரராக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்க வந்தபோது கடை வாசலில் பதினாறு பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் பாலித்தீன் கவர். ஒருத்தர் ஊறுகாய் பாட்டில் கொண்டுவந்திருந்தார். ஒருத்தர் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் டிபன் பாக்ஸிலேயே அடைத்துக்கொண்டு வந்திருந்தார். கரிசல் காட்டில் இருந்த தத்துக்கிளி அத்தனையும் மேஜையில் வந்து துள்ளிக்கொண்டிருந்தது.

"இது சாதா தத்துக்கிளி. ஒண்ணும் செய்யாது."

"படத்துல உள்ளது மாதிரியே இருக்கே அண்ணாச்சி?"

"படத்துல கழுத்து சிவப்பா இருக்குல்லா?" என்றார் இன்னொருவர். "இதுக்குச் சிவப்பு இல்ல. அந்தச் செங்கழுத்தன்தான் ஆபத்து. இது இல்ல."

பூச்சிக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. கர்னல் ஹாப்பின் கழுத்துத் துண்டு இப்படிப் பேர் வாங்கித் தரும் என்று சௌந்தரபாண்டியன் கனவிலும் நினைத்ததில்லை. டிபன் பாக்ஸிலிருந்து தப்பிய ஒரு தத்துக்கிளி அவர் சட்டைப்பையில் ஏறி உட்கார்ந்து அவரையே பார்த்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காசிராஜன் வந்தார். "அண்ணாச்சி, முந்தாநாள் நல்ல மழை. நிலத்துல ஈரம் இருக்கு. விதைக்க ஆளெல்லாம் சொல்லி வச்சாச்சு. இந்தச் செங்கழுத்தன் சமாச்சாரம் தெரியாம நான் விதையைத் தொடப் போறதில்ல. எங்க ஊர்ல ஒருத்தரும் தொடல."

சௌந்தரபாண்டியனுக்கு இப்போதுதான் நிஜமாகவே உடம்பு வேர்த்தது. மானாவாரி நிலத்தில் மழை ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். நான்கு நாள் தவறினால் ஒரு வருடம் தவறிய கணக்கு. தத்துக்கிளியாகத் தாவி விளையாடிய தன்னால் ஒரு ஊர் விதைக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கையில் அவருக்கே தன் முகத்தில் காறி உமிழலாம் போல இருந்தது.

"தாராளமா விதைங்க. அதுக்கு மருந்தே வேண்டாம்."

"வேண்டாமா, கிடையாதா?"

"வேண்டாம்னு சொல்லுதேன்லா!"

சத்தம் போட்டுச் சொன்னதுதான் தப்பு. பூச்சி அண்ணாச்சி யாரிடமும் சத்தம் போட்டதில்லை. அவருக்கே பதற்றம் என்றால் விஷயம் பெரிசு. மத்தியானத்துக்குள் குழுவில் செய்தி ஓடியது: 'செங்கழுத்தனுக்கு மருந்தே கண்டுபிடிக்கலையாம். அண்ணாச்சியே கையை விரிச்சுட்டாவ.' ஒருத்தர் விதைப் பருத்தியைத் திருப்பி விற்க ஆள் தேடினார்.

வேறு வழி தெரியாமல் அவர் குழுவில் எழுதினார்: "மருந்து உண்டு. வேப்பெண்ணெய் போதும். எல்லாரும் தைரியமாக விதையுங்கள்."

வேப்பெண்ணெயால் யாருக்கும் கெடுதல் வராது. பயிருக்கு நல்லதும்கூட. இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் கடையில் இருந்த வேப்பெண்ணெய் பாட்டில் முழுக்கத் தீர்ந்தது. கடைசிப் பாட்டிலைச் சீனித்தாய் வாங்கினாள். கண்ணாடியை மாட்டினாள். வாசித்தாள். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கமும் வாசித்தாள்.

"இதுல அசுவினி போட்டிருக்கு, வெள்ளை ஈ போட்டிருக்கு. அந்தப் பூச்சி பேரைப் போடலையே அண்ணாச்சி?"

"புதுப் பூச்சில்லா. அடுத்த லேபிள்ல வரும்."

"நிச்சயமா இது கேக்குமா?"

அவள் கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக் கேட்டாள். சௌந்தரபாண்டியன் மேஜையில் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து விரலில் சுற்றினார்.

"கேக்கும்."

"நீங்க சொன்னாச் சரிதான்" என்று பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

இல்லாத பூச்சிக்கு மருந்து விற்றாகிவிட்டது. அவள் தெரு முனை திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நெஞ்சுக்குள் என்னவோ அரித்தது. மறுநாள் மத்தியானம் மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டால், முதல் கட்டத்திலேயே மூன்று உயிரும் போய்விட்டது. டேங்க் கட்டிய முதல் ஆளைக்கூட அவரால் உதைக்க முடியவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். வேப்பெண்ணெய் விற்ற அன்றைக்கு ராத்திரியே உமாதேவி வடை பாயசத்தோடு இலை போட்டிருந்தாள்.

"என்ன விசேசம்?"

"ஒண்ணுமே தெரியாத மாதிரிக் கேக்குதீங்க! தூத்துக்குடி அக்கா போன் பண்ணுனா. இவிய புதுசா ஒரு பூச்சி கண்டுபிடிச்சிருக்காவன்னு அவ நாத்தனார் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. கண்டுபிடிச்சவிய பேரைத்தான் பூச்சிக்கு வைப்பாவளாமே? நம்ம மாப்பிள்ளை சொன்னாரு."

சம்பந்தி வீடுவரை போய்விட்டது. பாதி இலையில் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்க் கோகுலைக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டு அவன் இரண்டு நிமிடம் விடாமல் சிரித்தான்.

"மாமா, நிஜமாவே எட்டாம் கட்டத்தைத் தாண்டிட்டீங்களா? எப்படி?"

"ஏலே, எரியுற வீட்டுல நின்னுக்கிட்டு நான் பேசுதேன், நீ எப்படித் தாண்டுனேன்னு கேக்குத!"

"உண்மையைச் சொல்லிருங்க மாமா. கேம் ஆடுறது ஒரு குத்தமா?"

குற்றமில்லைதான். பதினெட்டு வயதுப் பையன் ஆடினால் விளையாட்டு. மகளைக் கட்டிக் கொடுத்த மனிதர், கடையைச் சாத்திக்கொண்டு தத்துக்கிளியாகத் துள்ளினால் அதற்கு வேறு பெயர்.

வியாழக்கிழமை வேளாண்மை அலுவலகத்திலிருந்து முத்துசெல்வம் வந்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமான உதவி அலுவலர். தோளில் பை, கையில் அந்தக் கலங்கல் படத்தின் பிரிண்ட். பெரிதாக்கியதில் படம் இன்னும் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, எங்க ஆபீசுக்கு நாப்பது போன் வந்துட்டு. சார் அறிக்கை கேக்காவ. இது எந்த ஆய்வகத்து நம்பர்?"

"அது... பழைய ஆய்வகம்."

"எங்கன இருக்கு?"

"இப்ப மூடிட்டாவ."

முத்துசெல்வம் நல்ல பையன். அதையும் எழுதிக்கொண்டான். "நாளைக்குக் காலையில உங்க கடை வாசல்லயே ஒரு கூட்டம் போட்டிருவோம். விவசாயிகளுக்கு நீங்களே விளக்கிச் சொல்லிருங்க. அசல் படத்தையும் எடுத்து வையுங்க."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடை வாசலில் சேர் போட்டாயிற்று. நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். மில்லுக்குப் பஞ்சு ஏற்றிப்போன லாரிக்காரன்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு எட்டிப் பார்த்தான். சீனித்தாய் முன்வரிசையில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உமாதேவி பட்டுச் சேலை கட்டி வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் சௌந்தரபாண்டியனுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

இரவெல்லாம் யோசித்து ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தார். செங்கழுத்தன் ஆப்பிரிக்காவில் குளிர்ந்த மலைமேல் வாழும் பூச்சி, நம்ம வெயிலுக்குத் தானாகச் செத்துவிடும், இத்தோடு மறந்துவிடலாம் என்று முடித்துவிடுவது. வாயைத் திறக்கப் போகும்போது காசிராஜன் எழுந்தார்.

"அண்ணாச்சி பேசுறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிருதேன். வேப்பெண்ணெய் எல்லாம் போதாது. நான் நேத்தே வெளியூர்ல மூணு மருந்து வாங்கிட்டேன். மூணும் வீரியமானது. மூணையும் ஒண்ணாக் கலக்கி இன்னைக்குச் சாயங்காலம் நிலத்துக்கும் வரப்புக்கும் அடிச்சிட்டு, பிறகுதான் விதைப்பு. கூலிக்கு ஆளு வரமாட்டேங்கான். நானே டேங்கைத் தூக்கப் போறேன்."

"நானும் அதான் யோசிச்சிருக்கேன்" என்று பின்னாலிருந்து இரண்டு குரல் வந்தது.

காசிராஜன் இளைப்பு நோய்க்காரர். நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடிப்பார். அந்த மூன்று மருந்தையும் கலந்து, வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு ஐம்பது ஏக்கர் வரப்பையும் சுற்றினால் அவர் நடந்து வீடு திரும்பமாட்டார். அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், இருபத்தெட்டு வருடம் மருந்து விற்றவருக்கு அது தெரியும்.

தயார் செய்த பேச்சு முழுவதும் அப்படியே மறந்துபோனது.

"காசிராஜன், உக்காருங்க. அது பூச்சி இல்ல."

"புழுவா?" என்று பேனாவை எடுத்தான் முத்துசெல்வம்.

"புழுவும் இல்ல. பொம்மை. கம்ப்யூட்டர்ல ஆடுற விளையாட்டு. அதுல வார தத்துக்கிளி."

யாருக்கும் புரியவில்லை. சௌந்தரபாண்டியன் உள்ளே போனார். பூப்போட்ட உறையை எடுத்தார். இருபத்தைந்து வருடமாகத் தன்னைப் பார்த்தே இருந்த மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து ஊரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். பொத்தானைத் தட்டினார். பீப் பீப் என்று ஒரு பாட்டு வந்தது. கழுத்தில் சிவப்புத் துண்டோடு தத்துக்கிளி தாவி வந்து, டேங்க் கட்டிய ஒரு ஆளின் மண்டையில் ஒரு உதை விட்டு, திரும்பி நின்று கண் சிமிட்டியது.

பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை எட்டாம் கட்டத்தைத் தாண்டினேன்" என்றார். "முதல்தடவை. சந்தோசத்துல எங்க அக்கா மவனுக்குப் படம் அனுப்பப் போய், குரூப்புல விழுந்துட்டு. வெக்கத்துல உண்மையைச் சொல்லல. ஒண்ணை மறைக்க ஒண்ணு சொன்னேன். ஆப்பிரிக்காவும் பொய், ஆய்வகமும் பொய். எல்லாரும் என்னை மன்னிக்கணும். வேப்பெண்ணெய்க்கு வாங்குனதை எல்லாருக்கும் திருப்பிக் குடுத்திருதேன். காசிராஜன், அந்த மூணு மருந்தையும் வாங்குன இடத்துல குடுத்திருங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

நிஜமாகவே கும்பிட்டார். கண் நிறைந்திருந்தது. பட்டுச் சேலையோடு உமாதேவி இருந்த பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

முதலில் சிரித்தது காசிராஜன்தான். அது சாதாரணச் சிரிப்பா? இளைப்பு வந்து, ஒருத்தர் முதுகைத் தடவிவிட, அதற்கு நடுவிலும் சிரித்தார். "அப்ப நீங்க இத்தனை நாளும் பூச்சி கட்சியா அண்ணாச்சி? எங்களுக்கு டேங்கை வித்துட்டு, உள்ள வந்து எங்களையே உதைச்சிருக்கீய!"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. லாரிக்காரனும் சிரித்தான். உமாதேவிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சௌந்தரபாண்டியனுக்கு நான்கு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்குவது போல இருந்தது. மானம் போனதுதான். ஆனால் போன மானம் இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"சாருக்கு நான் என்னன்னு அறிக்கை எழுத?" என்று தலையைச் சொறிந்த முத்துசெல்வம், கொஞ்சம் குனிந்து, "தாவுறதுக்கு எந்தப் பொத்தான் அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டான்.

"கடையில வியாபாரத்தைப் பாக்காம எந்நேரமும் இதுதானா?" என்று கேலியாக ஒரு குரல் வந்தது.

"சேச்சே" என்றார் சௌந்தரபாண்டியன். தெம்பு திரும்பியிருந்தது. "மத்தியானம் கடை சாத்தியிருக்கும்போது, ஆளு யாரும் இல்லாத நேரத்துல மட்டுந்தான்."

கூட்டம் கலைந்தது. ஈரம் காய்வதற்குள் விதைக்க ஓடினார்கள். காசிராஜன் அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். கடைசியில் சீனித்தாய் மட்டும் எழுந்து மேஜைக்கு வந்தாள். பையிலிருந்து வேப்பெண்ணெய் பாட்டிலை எடுத்து வைத்தாள். மூடியின் சீல் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"நீ அடிக்கவே இல்லையாம்மா?"

"எப்படி அடிக்க? படத்துக்கு மேல ஓரத்துல, லைவ்ஸ் ரெண்டுன்னு எழுதியிருந்துச்சே. அன்னைக்கே வாசிச்சுட்டேன். உசிரை எண்ணி எழுதி வச்சிருக்க பூச்சி நம்ம காட்டுல ஏது?"

சௌந்தரபாண்டியனுக்குச் சிரிப்பு வந்தது. "தெரிஞ்சுக்கிட்டா அன்னைக்கு முதல்ல மருந்து கேட்டே? எதுக்கு?"

"குடுப்பீயளான்னு பாக்கத்தான்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. சீனித்தாய் கோபமாகப் பேசவில்லை. நூலில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கும் மானிட்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

"போன கார்த்திகையில எங்க மிளகாய் இலையைக் கவர்ல போட்டுக்கிட்டு இதே இடத்துல வந்து நின்னேன். நீங்க இந்தப் பெட்டிக்குப் பின்னால இருந்து தலையைத் தூக்கவே இல்ல, 'இலைப்பேன், இதைக் கொண்டுபோய் அடி'ன்னு எடுத்துக் குடுத்தீய. அடிச்ச மூணாம் நாள் ரெண்டு ஏக்கரும் கருகிப்போச்சு. மழை இல்லாமத்தான் போச்சுன்னு ஊர்ல சொன்னாவ, அந்தப் படத்தைப் பாக்குற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அன்னைக்கு எத்தனாவது கட்டத்துல இருந்தீய அண்ணாச்சி?"